பெயர் தெரியாத காளான்களுக்கு ஓரிடம்

காளானைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நின்றபடியே எடுத்துவிடுகிறார்கள். மழை விட்ட காலையில் ஈரப் புல்லுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. கைபேசி வெளியே வருகிறது. மேலிருந்து ஒரு படம். படம் அழகாகவே விழுந்திருக்கும். ஆனால் அதில் இருப்பது குடையின் முதுகு மட்டும். அடியில் செவுள்களா, நுண்துளைகளா, தொங்கும் முட்களா? செவுள்கள் காம்பைத் தொடுகின்றனவா, தொடாமல் நின்றுவிடுகின்றனவா? காம்பில் வளையம் உண்டா? மண்ணுக்குள் கிண்ணம் போல் ஓர் உறை இருக்கிறதா? பெயர் சொல்வதற்கு வேண்டியவை எல்லாம் படத்தில் வராத பக்கத்தில் இருக்கின்றன. பலர் கூடி இணையத்தில் சேர்த்துவரும் காளான் படத் தொகுப்புகளில், வருகிற படங்களைப் பிரித்து அடுக்கும் வேலையைக் கொஞ்ச காலமாகச் செய்துவருகிறேன். வந்து குவிவதில் பெரும்பகுதி இந்த முதுகுப் படங்கள்தான்.

இது கேமராவோடு வந்த பழக்கம் அல்ல. முயல் கதைகளால் உலகம் அறிந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், அந்தக் கதைகள் அச்சாவதற்கு முன்பு காளான்களை வரைந்துகொண்டிருந்தார். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற கிராமத் தபால்காரர். கடிதம் கொடுக்க மைல் கணக்கில் நடந்த வழியெல்லாம் பாசியையும் பெரணியையும் காளானையும் பார்த்துப் பார்த்தே இயற்கை அறிஞராகிவிட்டவர் அவர். 1890களில் அவர் காளான்களைத் தபாலில் அனுப்புவார். பாட்டர் வரைந்து அவருக்குப் படம் அனுப்புவார். செடிகொடிகளுக்கு நடுவே காளான் நிற்கும் காட்சி மட்டும் போதாது, நெடுக வெட்டி உட்புறத்தையும் வரைய வேண்டும், செவுள் காம்போடு சேரும் இடம் தெரிய வேண்டும் என்று மெக்கின்டாஷ் சொன்னார். அதற்குப் பிறகு பாட்டரின் தாள்களில் ஒரே காளான் பல கோணங்களில் வரத் தொடங்கியது: குஞ்சாக, விரிந்ததாக, கவிழ்த்ததாக, பிளந்ததாக. அந்த ஓவியங்களில் பெரும்பங்கு ஆம்பிள்சைடு ஊரின் ஆர்மிட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1967இல் வந்த ஒரு காளான் கையேட்டுக்கு அவற்றில் பல அப்படியே படங்களாயின. வரைந்தவர் இறந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அடையாளம் காண உதவின என்றால், காரணம் அவருடைய கைத்திறன் மட்டுமல்ல. தபால்காரரின் அந்த யோசனையும்தான்.

அவர்கள் இருவர் செய்ததை இன்று முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்யப் பார்க்கிறோம். இருவருக்குள் ஒரு கடிதத்தில் தீர்ந்துபோன விஷயம், ஆயிரம் பேர் கூடும்போது அமைப்பின் சிக்கலாகிவிடுகிறது. முதல் சிக்கலே, எதை ஓர் உருப்படி என்று எண்ணுவது என்பதுதான். படத்தையா? ஒரு காளானுக்கு ஐந்து படம் எடுத்திருக்கிறார் ஒருவர்: மேலே, கீழே, பிளந்தது, பக்கத்து மரம், வித்துத்தூள் படிந்த தாள். படம்தான் உருப்படி என்று வைத்தால் ஐந்தும் ஐந்து திசைக்குப் போய்விடும். அழகானதை எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். மரத்தின் படத்தை மரங்களோடு சேர்த்துவிடுவார் ஒருவர். தாளின் படம் எதற்கென்றே தெரியாமல் கிடக்கும். ஒன்றுக்கொன்று சாட்சியாக எடுக்கப்பட்டவை, பிரித்ததும் ஊமையாகிவிடுகின்றன.

அப்படியானால் இனத்தின் பெயரா? நாம் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். ஒரு பெயருக்கு ஒரு கோப்புறை. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை என்பது போல. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் இப்படித்தான் அடுக்குகிறது: பேரினத்துக்கு ஒரு பகுப்பு, அதற்குள் ஒவ்வோர் இனத்துக்கும் ஒன்று. பெயர் உறுதியாகத் தெரிந்த, நல்ல வெளிச்சத்தில் எடுத்த, கட்டுரையில் போடத்தக்க படங்களுக்கு அது சரியான ஏற்பாடு. ஆனால் காளான் படங்களில் பெயர் உறுதியாகத் தெரிந்தவை சொற்பம். மிச்சமெல்லாம் 'அடையாளம் காணப்படாதவை' என்ற ஒரே பகுப்பில் போய் விழுகின்றன. ஒரு தொகுப்பின் மிகப் பெரிய அறை குப்பைக் கூடையாக இருந்தால் அடுக்கிய முறையில் ஏதோ கோளாறு இருக்கிறது.

2006இல் நேதன் வில்சன் தொடங்கிய மஷ்ரூம் அப்சர்வர் என்ற தளம் வேறு வழியில் போனது. அங்கே உருப்படி என்பது படமும் அல்ல, பெயரும் அல்ல, ஒரு சந்திப்பு. இன்னார், இந்த நாளில், இந்த இடத்தில், இந்தக் காளானைப் பார்த்தார். இந்த நான்கும்தான் பதிவின் தூண்கள். படங்கள் அதற்குக் கீழே தொங்குகின்றன, எத்தனை வேண்டுமானாலும். காய்ந்த மாதிரி ஏதாவது உலர்சேகரிப்பு நிலையத்தில் இருந்தால் அதன் எண்ணும் அங்கேயே சேரும். பெயர் என்பது அதன் மேல் ஒருவர் வைக்கும் கருத்து, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் ஒரு பெயரை முன்வைக்கலாம். எதைப் பார்த்துச் சொல்கிறேன் என்றும் எழுதலாம். மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். அந்த ஓட்டு வெறும் ஆம், இல்லை அல்ல. 'நான் இப்படித்தான் சொல்வேன்' என்பதில் தொடங்கி, 'நம்பலாம் போலிருக்கிறது', 'இருக்கலாம்', 'சந்தேகம்தான்', 'வாய்ப்பில்லை' என்று படிப்படியாக இறங்கி, 'அதெப்படி!' என்பதில் முடிகிறது. அதிக மதிப்பு பெற்ற பெயர் மேலே நிற்கும். தோற்ற பெயர் அழிவதில்லை. ஓட்டோடும் காரணத்தோடும் கீழேயே இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சந்தேகத்தை இத்தனை படிகளில் பதிந்துவைக்க இடம் தந்த அட்டவணையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரே ஒரு மனக்குறை. அங்கே அதிகம் பங்களித்தவரின் ஓட்டுக்கு எடை கூடுதல். நிறையப் பதிவிட்டவர் நிறையத் தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கலிபோர்னியாவின் ஓக் காடுகளைக் கரைத்துக் குடித்தவர், களக்காட்டுக் காளான் ஒன்றின் முன்னால் புதியவர்தான்.

பெயரை ஏன் தூணாக நம்ப முடியாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் எலியாஸ் ஃபிரீஸ் 1821 முதல் 1832 வரை வெளியிட்ட நூலில் காளான்களைக் கண்ணால் பார்த்துப் பிரித்தார்: வித்துத்தூளின் நிறம் என்ன, வித்து உண்டாகும் அடிப்பரப்பு செவுளா, துளையா, முள்ளா என்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அந்த வழியில் நடந்தது. பிறகு மரபணு வந்தது. மைக்குடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்ததும் தன்னைத்தானே கரைத்துக்கொண்டு கறுப்பு மையாக ஒழுகும் காளான்கள். வைக்கோல் படுக்கையில் காளான் வளர்ப்பவர்களுக்கு இவற்றைத் தெரியும்; விதைத்தது வருவதற்கு முன்னால் களையாக முளைத்து நிற்கும். மையாகக் கரைவது அத்தனை விசித்திரமான குணம் என்பதால், அப்படிக் கரைவன எல்லாம் காப்ரினஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. மரபணுவைப் பார்த்தபோது தெரிந்தது, கரையும் குணம் ஒரு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று. 2001இல் பேரினத்தைப் பிரித்தார்கள். காப்ரினஸ் கொமேட்டஸும் சில உறவுகளும் மட்டும் பழைய பெயரோடு, கடையில் வாங்கும் மொட்டுக் காளானின் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மீதிப் பெரும்பான்மை காப்ரினெல்லஸ், காப்ரினாப்சிஸ், பாராசோலா என்று மூன்றாகச் சிதறியது. கோப்புறையாக அடுக்கியிருந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டியிருந்தது. சந்திப்பாக அடுக்கியிருந்தால் கருத்து மட்டும் மாறும். பார்த்தது பார்த்ததாகவே இருக்கும்.

இதைவிட வினோதம் ஒன்றும் இருந்தது. பாலினப் பெருக்கம் செய்யும் நிலையில் ஒரு பெயர், இல்லாமல் பெருகும் நிலையில் வேறொரு பெயர் என்று ஒரே பூஞ்சைக்குச் சட்டப்படியே இரண்டு பெயர்கள் இருக்கலாம். 2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு அதை ஒழித்தது. 2013 தொடக்கத்திலிருந்து ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர். இந்த மாற்றங்களைக் குழப்பம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகில் 22 முதல் 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது 2017இல் வந்த மதிப்பீடு. பெயர் பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். இவ்வளவு மிச்சம் இருக்கும் துறையில் பெயர்கள் அசையாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நீலகிரியின் பைன் தோட்டங்களில் மழைக்காலத்தில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த அமானிட்டா மஸ்கேரியா வரும். குழந்தைகளின் படப்புத்தகங்களில் எல்லோரும் பார்த்த அதே காளான். ஐரோப்பியப் பெயர் இங்கே பொருந்துமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. அது பைனின் வேரோடு பிணைந்து வாழ்வது. மெக்சிகோவிலிருந்து வந்த பைனஸ் பட்டுலா என்ற மரத்தின் வேரில் இந்தக் காளானின் பிணைப்பு எப்படி இருக்கிறது என்பதை 1990களில் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மரம் வெளியூர், காளானும் வெளியூர். பெயரும் அங்கிருந்தே வரலாம். இப்போது அந்தத் தோட்டத்தைத் தாண்டிப் பக்கத்துச் சோலைக்குள் போங்கள். நாவல் குடும்பத்து மரங்களும் காட்டு லவங்கமும் பாசி மூடி நிற்கும் இருட்டில் ஒரு காளான். அதற்கும் கைபேசி ஓர் ஐரோப்பியப் பெயரைத்தான் நீட்டும். அங்கே அந்தப் பெயருக்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு பதிவுகளுக்கும் நடுவே உள்ள தூரம் நூறடி இருக்கலாம். வித்தியாசத்தைச் சொல்வது காளானின் படம் அல்ல, மரத்தின் படம். அதனால்தான் தொகுப்பில் 'எதன் மேல், எதன் கீழ்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லி நான் விடாமல் கேட்கிறேன். மண்ணா, மட்கிய கட்டையா, உயிருள்ள மரமா, சாணமா, புற்றா? நூற்றுக்கணக்கானவர்கள் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

கைபேசி நீட்டும் பெயரைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெர்க்லியில் மாணவர் திட்டமாக 2008இல் பிறந்த ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம், 2017இல் படத்தைப் பார்த்துப் பெயர் ஊகிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் அது செய்த நன்மை கொஞ்சமல்ல. காளானில் நிலைமை வேறு. இயந்திரம் கற்றுக்கொண்டது ஏற்கெனவே பெயரிடப்பட்ட படங்களிலிருந்து. அவற்றில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் நிறைந்திருக்கின்றன. நம் மலைக் காளானுக்கு அதன் பட்டியலில் பெயரே இல்லை என்றால், இருக்கிறவற்றில் நெருங்கியதைச் சொல்லும். பதிவிட்டவர் அதைத் தொடுகிறார். பார்த்துக்கொண்டு போகும் இன்னொருவர் ஒத்துக்கொள்கிறார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடன்பாடு வந்தாயிற்று; பதிவு 'ஆய்வுத் தரம்' பெற்று உலகப் பல்லுயிர்த் தரவுத் தொகுப்புக்கும் போகிறது. நாளைய இயந்திரத்துக்கு அதுவே பாடமாகும். இரண்டு பேர் தலையாட்டியதற்கு ஆய்வுத் தரம் என்று பெயர் வைத்தது தவறு என்றே நினைக்கிறேன். தாவரத்தில் பொறுத்துக்கொள்ளலாம், பூஞ்சையில் முடியாது. நிபுணர் பலம் உள்ள இடத்தில் இதே முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டென்மார்க் உதாரணம். 2009 முதல் 2013 வரை அங்கே நடந்த காளான் வரைபடத் திட்டத்தில் பொதுமக்களும் ஆர்வலர்களும் 2 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளைச் சேர்த்தார்கள்; நாட்டுக்கே புதிய இனங்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. ஒவ்வொரு அபூர்வப் பதிவையும் நிபுணர்கள் சரிபார்த்தார்கள், மாதிரி கேட்டார்கள், நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தார்கள். நமக்கு ஆட்கள் அத்தனை இல்லை. ஆள் இல்லாத ஊரில் சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதிவைப்பது இன்னும் அவசியமாகிறது.

தொகுப்புக்கு வரும் கேள்விகளில் என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு: 'இதைச் சாப்பிடலாமா?' பெரும்பாலும் அதோடு வருவது புல்வெளியில் நிற்கும் பெரிய வெள்ளைக் காளானின் படம். குடை ஒரு சாப்பாட்டுத் தட்டளவு விரிந்திருக்கும், நடுவில் பழுப்புச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம், செவுள்கள் வெள்ளை. பார்த்தால் நல்ல பிள்ளை. குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் இப்படித்தான் இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப்போடும். இளமையில் அதை உண்ணத்தக்க காளான்களிலிருந்து படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வித்துத்தூளை எடுத்துப் பார்க்க வேண்டும். காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்த்து, காற்று படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, இரவெல்லாம் விட்டுவிட வேண்டும். காலையில் கிண்ணத்தை எடுத்துக் குடையை நேர்மேலாகத் தூக்கினால், செவுள் இருந்த இருப்பு அப்படியே தாளில் கோலமிட்டிருக்கும். நடுவில் காம்பின் வட்டம் மட்டும் வெறுமையாக. மற்றவை வெள்ளையோ பழுப்போ காட்டும் இடத்தில் இது மட்டும் பாசிப்பச்சை. தாளைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பச்சை கொஞ்சம் சாம்பல் கலந்து தெரியும். இந்தத் தாளின் படம் ஒன்று பதிவோடு இருந்துவிட்டால் அங்கே ஓட்டெடுப்பே தேவையில்லை. ஆனால் சாப்பிடலாமா என்ற கேள்விக்குத் தொகுப்பு எந்தக் காலத்திலும் பதில் சொல்லக் கூடாது; பச்சை விழவில்லை என்பதும் அனுமதி அல்ல. உண்ணத்தக்கவை என்ற பட்டியலைத் தொகுப்பில் திறக்க வேண்டும் என்று கேட்டவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. நச்சுக் காளான்கள் என்ற பட்டியலுக்கும் அதே பதில்தான். அந்தப் பட்டியலில் இல்லாததைப் படிப்பவர் நல்லதென்று எடுத்துக்கொள்வார்.

இன்னொரு பக்கம், தொகுப்புக்குள் வரவே வராத பூஞ்சைகள். குடை விரித்து நிற்பது பூஞ்சை உலகில் சிறு பகுதி. மற்றவை இலையில் புள்ளியாக, கட்டையில் கறுப்புத் தூளாக, மண்ணில் இழையாக வாழ்கின்றன. அழகில்லை, ஆகவே படமில்லை. காப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் மாவு தூவியது போல் வட்டம் வட்டமாக இருந்தால், விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டால், அதுதான் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ், காப்பியின் துரு நோய். இலங்கையிலிருந்து போன இலைகளை வைத்து 1869இல் இங்கிலாந்தில் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி அதற்குப் பெயர் வைத்தார். பேராதனைத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த துவைட்ஸ் அனுப்பிய இலைகள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பி அழிந்தது. அதே மலைகளில் தேயிலை வந்தது. காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து பருவத்துக்கு வந்து திரும்பிப் போனவர்கள், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்காக லயன்களில் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். மலையகத்தின் வாழ்க்கையையே திருப்பிய ஒரு பூஞ்சை, இன்று யாரும் குனிந்து படம் எடுக்காத ஒரு தூள். தோட்டங்களில் நடமாடும் நண்பர்களிடம் இந்த இலைகளைக் கேட்டு வாங்கிப் பதிவிடச் சொல்லி வருகிறேன். அழகான குடைகளால் மட்டும் நிறைந்த தொகுப்பு பூஞ்சைகளைப் பற்றி ஒரு பொய்யான சித்திரத்தைக் கொடுக்கும்.

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததற்கும் பதிவில் கட்டம் வேண்டும். தென்காசிப் பக்கம் ஒரு தோப்பில் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த காளானைத் தாண்டிப் போன ஒரு மூதாட்டி, நிற்காமலே, "அது ஆகாது தம்பி" என்றார்.

"எப்படிப் பாட்டி சொல்றீங்க?"

"புடுங்கிப் பாரு. வேரு புத்துக்குள்ள ஓடிச்சின்னா அது நம்ம காளான். இது சும்மா மேமண்ணுல நிக்கி. மோந்து பாத்தாலும் தெரியும்லா."

பாட்டி சொன்ன 'வேர்' நூல்களில் இருக்கிறது. கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருவதால் டெர்மிட்டோமைசிஸ் காளானுக்கு நீண்ட வால் போன்ற அடிக்காம்பு இருக்கும். அந்தப் பேரினத்தை 1942இல் நிறுவியவர் பிரான்சின் ரோஜே ஹெய்ம். அவர் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979இல் தென்னிந்திய மாதிரிகளிலிருந்து விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். பாட்டியின் சோதனையும் நடராஜனின் விவரிப்பும் ஒரே அடிக்காம்பில் வந்து சந்திக்கின்றன. ஆனால் காம்பைத் தரையோடு ஒடித்து எடுத்த படத்தில் இருவருக்கும் வேண்டியது இருக்காது. மோந்து பார்த்த வாசனையையும் யாராவது எழுதினால்தான் உண்டு.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறிய வீட்டின் அடுக்களையைக் காட்டுகிறார். அங்கே ஒரு காளான் வருகிறது. வறுமைக்கு அடையாளமாக அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிப் போகவில்லை. கட்டுவிட்டுப் போன பழைய சுவர், அதைக் கறையான் கூட்டம் அரித்தது, அரித்து விழுந்த புழுதி, அந்தப் புழுதியில் பூத்தது, உள்ளே துளையுள்ளது என்று எல்லாம் இருக்கிறது. வாழிடம், அடிப்பரப்பு, காம்பின் உட்புறம். ஈராயிரம் ஆண்டை ஒட்டிய அந்தப் பதிவில் இனத்தின் பெயர் இல்லை. இதை வைத்து எந்த இனம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. எங்கள் தொகுப்பில் வந்திருந்தால் 'காளான்கள்' என்ற பொது நிலையில் நிறுத்தி, மற்ற கட்டங்களை எல்லாம் மகிழ்ச்சியோடு நிரப்பியிருப்பேன். படமே இல்லாமல் வந்தும் நிறையப் படங்களைவிட நல்ல பதிவு அது.

இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்வது என்பதில் தொகுப்பாளர்களுக்குள் சச்சரவு உண்டு. ஆய்வாளருக்குப் பத்தடித் துல்லியம் வேண்டும். புற்றுக்காளான் வரும் புற்றைத் தாத்தா காலத்திலிருந்து ரகசியமாகக் காத்துவரும் குடும்பத்துக்கு அந்தத் துல்லியமே திருட்டு. ஆயங்களை மறைத்து வட்டாரத்தை மட்டும் காட்டும் வசதி தளங்களில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் காளான் என்றால் கேட்காமலே மறைத்துவிடுவது என் பழக்கம்.

மிச்சம் இருப்பது உரிமை. காப்பித் துருவுக்குப் பெயர் வைத்த பெர்க்லி ஒரு கிராமத்துப் பாதிரியார். வாழ்நாளெல்லாம் சேர்த்த பத்தாயிரம் இனங்களுக்கும் மேற்பட்ட பூஞ்சை மாதிரிகளை 1879இல், தாம் இறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்று பன்னிரண்டரை லட்சம் மாதிரிகள் உள்ள அந்தச் சேகரிப்பில் அவருடைய உறைகளும் இருக்கின்றன. பிரித்துப் பார்க்கலாம், கொஞ்சம் கிள்ளி மரபணு எடுத்தும் பார்க்கலாம். படங்களுக்கு அந்த நிலைப்பு தானாக வராது. ஐநேச்சுரலிஸ்டில் ஒருவர் தன் கணக்கை நீக்கினால் அவருடைய பதிவுகள் அத்தனையும் போய்விடும். அவற்றின் கீழ் மற்றவர்கள் மணிக்கணக்கில் எழுதிய அடையாளக் குறிப்புகளும் கூடவே போகும். மாறாக, கட்டற்ற உரிமத்தில் காமன்ஸில் ஏற்றிய படத்தின் அனுமதியைப் பிறகு திரும்பப் பெற முடியாது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு போட்ட படத்தைக் காமன்ஸ் ஏற்காது. தன் படத்தை யாரோ விற்றுவிடுவார்களோ என்று பயந்து அந்தக் கட்டுப்பாட்டைப் போடுகிறவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதனாலேயே அந்தப் படம் ஒரே ஒரு தளத்தில், ஒரே ஒரு கணக்கில் மாட்டிக்கொள்கிறது.

ஆகவே என் படங்கள் எல்லாவற்றுக்கும், பெயர் சொன்னால் போதும் என்ற உரிமத்தையே வைத்திருக்கிறேன். நாளும் இடமும் மரமும் ஒவ்வொரு கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன, தளம் மூடிப்போனாலும் படத்தோடு போகட்டும் என்று. காயவைத்து உறையிலிட்ட மாதிரி இருந்தால் அதன் எண்ணும் அதில் உண்டு. தொகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் உரிமத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். எந்தக் காளான் என்ற பேச்சை அதற்கு அப்புறம் தொடங்குகிறோம்.